முதல்வர் மாறினா காலேஜும் மாறணுமா? உத்திரமேரூர் கல்வெட்டு சொல்ற பதில்

இன்னிக்கு எபிசோடுக்கு வரலாறுதான் களம், ஆனா கேள்வி இன்னிக்குத் தேதிக்கானது.

ஒரு கிராமப்புற அரசுக் கல்லூரிய நினைச்சுக்கோங்க. புதுசா ஒரு முதல்வர் வர்றார். லைப்ரரி சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் திறந்திருக்கு. கழிப்பறையில தண்ணி வருது. கடைசி பஸ்ஸப் பிடிக்கணும்னு பாதி கிளாஸ்ல ஓடுற பிள்ளைகளுக்காக டைம்டேபிளையே மாத்துறார். ஊரே பாராட்டுது. மூணு வருஷத்துல அவருக்கு இடமாற்றமோ ஓய்வோ வருது. அடுத்து "பொறுப்பு முதல்வர்"னு ஒருத்தர் வந்து உட்கார்றார். ஆறு மாசத்துல லைப்ரரி மறுபடி நாலு மணிக்கே பூட்டு. இந்தக் கதை உங்கள்ல பல பேருக்குப் பழக்கமானதுதான்.

அப்போ அந்த நல்ல முதல்வர் நல்ல தலைவரா? நல்ல மனுஷர், சந்தேகமே இல்ல. ஆனா அவர் செஞ்சது எல்லாம் அவரோடயே கிளம்பிப் போயிடுச்சுன்னா, அந்தக் கல்லூரிக்குத் தலைமைன்னு ஒண்ணு கிடைச்சுதா, இல்ல ஒரு நல்ல மனுஷரோட மூணு வருஷம் மட்டும் கிடைச்சுதா?

தலைமைப் பாணி பத்தின ஆராய்ச்சியில அடிக்கடி சொல்லப்படுற ஒரு பழைய சோதனை இருக்கு. 1939-ல கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் ஒயிட்னு மூணு பேர் அமெரிக்காவுல வெளியிட்டது. பத்து வயசுப் பசங்களைச் சின்னக் குழுக்களாப் பிரிச்சு, முகமூடி செய்யுற மாதிரி கைவேலைகள் கொடுத்தாங்க. ஒரு வகைத் தலைவர் எல்லாத்தையும் தானே முடிவு பண்ணி உத்தரவு போடுவார். இன்னொரு வகை, பசங்களோட கலந்து பேசி முடிவெடுப்பார். மூணாவது வகை, எப்படியோ போங்கன்னு விட்டுடுவார். இதுல எனக்குப் பிடிச்ச பகுதி, தலைவர் அறையை விட்டு வெளிய போன பிறகு நடந்ததுதான். உத்தரவுத் தலைவர் வெளிய போனதும் வேலை படுத்துடுச்சு. கலந்து பேசின குழுவுல வேலை பெரும்பாலும் அது பாட்டுக்கு நடந்தது.

இந்த ஒரு அளவுகோலை மட்டும் கையில வெச்சுக்கோங்க: தலைவர் வெளிய போன பிறகு என்ன நடக்குது? இதை எடுத்துக்கிட்டு நாம ஆயிரத்து நூறு வருஷம் பின்னாடி போறோம். இடம், காஞ்சிபுரத்துல இருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்குற உத்திரமேரூர்.

கல்லுல எழுதின ரூல் புக்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல ரெண்டு கல்வெட்டு இருக்கு. ரெண்டுமே முதலாம் பராந்தக சோழன் காலத்தது. ஒண்ணு அவனோட 12-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 919. இன்னொண்ணு 14-ஆம் ஆட்சியாண்டு, 921. குடவோலை முறை பத்திப் பள்ளிக்கூடத்துல ஒரு பத்தி படிச்சிருப்போம். "உலகத்தின் முதல் தேர்தல்"னு வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்டும் வந்திருக்கும். அந்தப் பெருமையைக் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு, ஒரு நிர்வாக ஆவணமா இதைப் படிச்சுப் பார்ப்போம்.

முதல்ல ஒரு கேள்வி வரும்: இது ஊர்சபை பத்தினது, காலேஜுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கு. அன்னிக்கு ஏரியைப் பார்த்துக்கிட்ட அதே சபைதான் படிப்பையும் பார்த்துக்கிச்சு. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள்ல பட்டவிருத்தி, கிடைப்புறம்னு சொற்கள் வருது. ஓதுறவங்களுக்கும் ஓதுவிக்கிறவங்களுக்கும் ஒதுக்கின நிலங்கள் அது. கல்விக்கான காசு சபையோட கை வழியாத்தான் போச்சு. அதனால சபைக்குள்ள யார் வரலாம்கிறது படிப்போட தலையெழுத்தையும் சேர்த்து முடிவு பண்ற விஷயம்.

ஊர் 30 குடும்பாப் பிரிஞ்சிருந்தது. இன்னிக்கு நாம வார்டுன்னு சொல்றோமே, அது மாதிரி. ஒவ்வொரு குடும்புலயும் தகுதி உள்ளவங்க பேரை ஓலையில எழுதி, கட்டாக் கட்டி, குடத்துல போடுவாங்க. பெரியவங்க சின்னவங்க எல்லாரும் சபையில கூடியிருக்கணும். கோயில் நம்பிமார் அத்தனை பேரும் அங்கேயே இருக்கணும். அவங்கள்ல மூத்தவர் குடத்தை எல்லாரும் பார்க்குற மாதிரி தூக்கிக் காட்டுவார். உள்ள என்ன இருக்குன்னு தெரியாத ஒரு சின்னப் பையன் கட்டை எடுப்பான். அதைப் பிரிச்சு வேற குடத்துல போட்டுக் குலுக்கி, அவன் ஒரு ஓலையை எடுத்துக் கொடுப்பான். வாங்குற மத்தியஸ்தர் அஞ்சு விரலையும் அகல விரிச்சு உள்ளங்கையிலதான் வாங்கணும். கைக்குள்ள ஏற்கெனவே ஒரு ஓலையை மடிச்சு வெச்சிருக்கக் கூடாது இல்லையா, அதுக்காக. அவர் வாசிப்பார். பிறகு அங்க இருக்குற நம்பிமார் எல்லாரும் அதே ஓலையை வாசிப்பாங்க. அதுக்கப்புறம்தான் பேர் பதிவாகும்.

அஞ்சு விரலை விரிக்கச் சொல்லிக் கல்லுல எழுதுறாங்கன்னா, அதுக்கு முன்னாடி யாரோ விரலை மடிச்சிருக்கலாம்னுதான் எனக்குத் தோணுது. நம்ம வேலையில ஒரு டெஸ்ட் கேஸைப் பார்த்தாலே, எப்பவோ ஒரு பக் அங்க வந்திருக்கும்னு புரியும். அது மாதிரி.

919, 921 ரெண்டு கல்வெட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரெண்டு வருஷத்துல விதியைத் திருத்தியிருக்காங்க. முதல்ல வயசு வரம்பு 30-க்கு மேல, 60-க்குள்ள. ரெண்டாவதுல 35-க்கு மேல, 70-க்குள்ள. ரெண்டாவது கல்வெட்டு இன்னும் விரிவானது, யாரெல்லாம் வரக் கூடாதுங்கிற பட்டியல் நீளமானது. ஒரு விதியைப் போட்டு, ஓட்டிப் பார்த்து, எங்க ஓட்டைன்னு கண்டுபிடிச்சு, அடுத்த வெர்ஷன்ல அடைச்சிருக்காங்க. அந்தத் திருத்தத்தையும் ரகசியமா வைக்காம ஊர் நடுவுல கல்லுல வெட்டியிருக்காங்க.

அந்த விதிகள்ல இருக்குற தலைமைப் பாணி

இப்போ தகுதிகளைப் பார்ப்போம். கால் வேலிக்கு மேல வரி கட்டுற நிலம் வேணும். சொந்த மனையில கட்டின வீடு வேணும். வேதம் தெரிஞ்சிருந்தா மட்டும் போதாது, அதை மத்தவங்களுக்குக் கற்பிச்சு அறிஞ்சவரா இருக்கணும். நிலம் அரைக்கால் வேலிதான் இருக்குன்னா, ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் தெரிஞ்சா போதும்னு ஒரு விலக்கு. சொத்து குறைஞ்சா படிப்பால ஈடுகட்டலாம். இதோட காரியத்துல நிபுணர், நேர்வழியில பொருள் ஈட்டினவர், மனசு சுத்தமானவர்னு குணங்களும் உண்டு. கடைசி மூணு வருஷத்துல வாரியத்துல இருந்திருக்கக் கூடாது.

30 பேர் தேர்வானதும் மூணு வாரியமாப் பிரிப்பாங்க. சம்வத்சர வாரியம்கிற ஆண்டு வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். இதுல ஆண்டு வாரியம்தான் பெருசு. அதுக்கு யாரை எடுப்பாங்க தெரியுமா? முன்னாடி தோட்ட வாரியத்துலயும் ஏரி வாரியத்துலயும் வேலை பார்த்தவங்க, வித்தையிலயும் வயசுலயும் முதிர்ந்தவங்க. மதகு எங்க ஒழுகுதுன்னு நின்னு பார்த்தவருக்குத்தான் ஊர் முழுக்கப் பொறுப்பு. நேரா மேல வந்து இறங்க வழி இல்ல.

பதவிக்காலம் 360 நாள். முடிஞ்சதும் இறங்கிடணும். நடுவுல குற்றம் பண்ணினது தெரிஞ்சா அப்பவே விலக்கிடுவாங்க, வருஷம் முடியட்டும்னு காத்திருக்க மாட்டாங்க.

இதுல என்னை ரொம்ப யோசிக்க வெச்சது கணக்கு பத்தின விதி. வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவர் பேரை மறுபடி குடத்துல போட முடியாது. அவர் மட்டும் இல்ல, அவரோட சித்தி பெரியம்மா பசங்க, அத்தை மாமன் பசங்க, தாய்மாமன், அப்பாவோட அண்ணன் தம்பி, மச்சான், மாமனார், தங்கச்சி வீட்டுக்காரர், மருமகன், அப்பா, மகன்னு ஒரு நீளமான பட்டியல். யாரும் வர முடியாது. இதைக் கொடுமைன்னு நினைக்கலாம். ஆனா ஊர்ல ஒருத்தர் கணக்கை மறைச்சா அவருக்குப் பதிலா மருமகன் வந்து உட்கார்றது எவ்வளவு சகஜம்னு நமக்கும் தெரியும். தனியார் கல்லூரி டிரஸ்ட் போர்டுகள்ல ஒரே இனிஷியல் வரிசையாப் பார்த்தவங்களுக்கு இந்த விதியோட காரணத்தை நான் சொல்லித்தான் புரியணும்னு இல்ல.

கணக்கு எழுதுறவருக்கும் தனி விதி. தன் கணக்கை ஆண்டு வாரியத்து முன்னாடி அவரே காட்டி, சுத்தம்னு நிரூபிச்சாத்தான் அடுத்த தடவை வேலை. இன்னொரு கணக்கர் வந்து அவருக்காக முடிச்சு வைக்க முடியாது.

ஆக, தலைமை ஒரு ஆள்கிட்ட இல்ல. கற்பிக்கத் தெரிஞ்சவர் உள்ள வரணும், கீழ இருந்து வேலை பார்த்து மேல வரணும், கணக்குக் காட்டணும், நேரத்துக்கு இறங்கணும். யார் போனாலும் அடுத்த 360 நாள் ஓடும். லெவின் சோதனையில பாஸ்.

பாலாற்றங்கரையில ஒரு கல்லூரி

உத்திரமேரூருக்கு வடகிழக்கே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுற இடம் திருமுக்கூடல். எதிர்க்கரையில பழைய சீவரம். அங்க இருக்குற வெங்கடேசப் பெருமாள் கோயில்ல வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. 1060-களைச் சேர்ந்தது. ஒரு கல்லூரி, அதோட விடுதி, பக்கத்துலயே ஒரு ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை. மூணுக்குமான வருஷ பட்ஜெட் அந்தச் சுவர்ல இருக்கு.

விடுதியில சாப்பாடு 60 பேருக்கு. ரிக்வேதம் 10 மாணவர், யஜுர்வேதம் 10 மாணவர், இலக்கணம் 20 மாணவர், மீதி ஆகமப் பிரிவுகளைச் சேர்ந்தவங்களும் மத்தவங்களும். படிக்கிறவங்களுக்குப் படுக்கப் பாய், இராத்திரி விளக்கு, சனிக்கிழமை தலைக்கு எண்ணெய். மருத்துவமனை பேர் வீரசோழன். படுக்கை 15. ஒரு மருத்துவர், அறுவை செய்ய ஒருத்தர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கப் பெண்கள், ஒரு நாவிதர், தண்ணிக்கு ஒரு ஆள். மருத்துவருக்கு வருஷத்துக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். இருப்புல இருக்க வேண்டிய மருந்துகள் சுமார் 20, பேர் பேரா எழுதியிருக்கு. ராத்திரி அங்கயும் ஒரு விளக்கு எரியணும், அதுக்கும் எண்ணெய் ஒதுக்கியிருக்கு.

யோசிச்சுப் பாருங்க. ஒரு பேரரசன் காலத்துக் கல்வெட்டு. மெய்க்கீர்த்தியில அவன் ஜெயிச்ச போர்கள் எல்லாம் வரும். அதுக்குக் கீழ, ஒரு மாணவன் சனிக்கிழமை தலைக்கு வைக்கிற எண்ணெய். அடுத்த வருஷம் பண்டாரத்துல இருக்குறவர் "எண்ணெயா, அது எங்க எழுதியிருக்கு?"ன்னு கேட்டா, அந்தப் பையன் சுவரைக் கை காட்டலாம்.

இதே மாதிரி இன்னும் பெரிய கல்லூரி, முதலாம் ராஜேந்திரன் காலத்துல எண்ணாயிரத்துல இருந்தது. இன்னிக்கு விழுப்புரம் மாவட்டம். 340 மாணவர், 14 ஆசிரியர், 45 வேலி நிலம். புதுசாச் சேர்ந்தவங்களுக்கு ஒரு நாளைக்கு 6 நாழி நெல், மேல்படிப்பு மாணவருக்கு 1 குறுணி 2 நாழி. புதுச்சேரிக்குப் பக்கத்துல திரிபுவனியில 1048-ல 260 மாணவர், 12 ஆசிரியர். எண்ணாயிரத்துக் கணக்கைப் போட்டா ஒரு ஆசிரியருக்குச் சுமார் 24 மாணவர். இன்னிக்கு எத்தனையோ அரசுக் கல்லூரிகள்ல கௌரவ விரிவுரையாளர்களை வெச்சுத்தான் வண்டி ஓடுதுன்னு தெரிஞ்சவங்களுக்கு இந்த எண் கொஞ்சம் உறுத்தும்.

திருமுக்கூடல்ல நாம பார்க்க வேண்டிய தலைமைப் பாணி இதுதான்: ஒவ்வொரு செலவுக்கும் எந்த வருமானத்துல இருந்து எவ்வளவுன்னு முன்கூட்டியே கட்டிப் போடுறது. நல்ல மனசு இருக்குறவர் வந்தாத்தான் விடுதியில விளக்கு எரியும்கிற நிலைமையே வரக் கூடாது.

கணக்கு கட்டப்படாத அறம் என்ன ஆகும்கிறதுக்கும் நம்ம பக்கத்துலயே கதை இருக்கு. பச்சையப்ப முதலியார், கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துல துபாஷியா இருந்து பெரும் பொருள் சேர்த்தவர். 1794-ல உயில் எழுதி வெச்சுட்டு அதே வருஷம் இறந்தார். கோயில் கைங்கர்யத்துக்கும் தர்மத்துக்கும்னு எழுதின சொத்து, வழக்கும் வம்புமா வருஷக்கணக்கா முடங்கிக் கிடந்தது. கடைசியில நீதிமன்றம் தலையிட்டு ஒரு திட்டம் வகுத்த பிறகுதான் 1842-ல சென்னையில அவர் பேர்ல பள்ளி வந்தது. கொடுத்தவர் மனசுக்கும் முதல் பையன் கிளாஸ்ல உட்கார்ந்ததுக்கும் நடுவுல 48 வருஷம். காஞ்சிபுரத்துல அவர் பேர்ல கல்லூரி வந்தது 1947-ல. தாராள மனசுல குறை எதுவும் இல்ல. அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு அமைப்பு வர்றதுக்குத்தான் அவ்வளவு காலம் ஆச்சு.

கதவுக்கு வெளிய நின்னவங்க

இவ்வளவு நேரம் பாராட்டினதுக்கு அப்புறம் இதையும் பேசியாகணும். குடவோலைக் குடத்துல யார் பேர் இருந்தது? நிலமும் வீடும் வேதமும் உள்ள பிராமண ஆண்கள் பேர். உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், பிரம்மதேய ஊர். அந்த நிலத்துல இறங்கி உழுதவங்க பேர் குடத்துல இல்ல. பெண்கள் பேர் இல்ல. திருமுக்கூடல்லயும் எண்ணாயிரத்துலயும் சொல்லிக் கொடுத்தது வேதம், இலக்கணம், மீமாம்சை, ஆகமம். அந்த வகுப்புக்குள்ள யாரு நுழைய முடியும்கிறது பிறப்பாலயே முடிவாயிடும்.

அதனால "அன்னிக்கே நம்மகிட்ட ஜனநாயகம் இருந்தது"ன்னு சொல்லிட்டு நகர என்னால முடியல. உள்ள இருக்குறவங்களுக்குள்ள ரொம்ப நேர்மையான விதி இருந்தது. வாசல்ல பூட்டு இருந்தது. ரெண்டும் உண்மை. தலைமை பத்திப் பேசுறவங்க முதல் பாதியை மட்டும் எடுத்துக்கிட்டா, அது அறைக்குள்ள மட்டும் வேலை செய்யுற தலைமை. நல்லாக் கணக்குக் காட்டுற ஒரு நிறுவனம், யாரையும் உள்ள விடாத நிறுவனமாவும் இருக்க முடியும்.

வாசலைத் திறக்குற தலைமைக்கு உதாரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். இதே காஞ்சிபுரம் மாவட்டத்துல நெய்யாடுபாக்கம்னு ஒரு கிராமம். அங்க 1912-ல பிறந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. பேருக்கு முன்னாடி இருக்குற "நெ" அந்த ஊர்தான். காமராஜர் முதலமைச்சரா இருந்தப்ப பொதுக்கல்வி இயக்குநர். 1956-ல தொடங்கின மதிய உணவுத் திட்டத்தையும், அப்புறம் வந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளையும் களத்துல நடத்திக் காட்டினவர்.

அவர் பாணி என்ன? அரசாங்கத்துகிட்ட எல்லாத்துக்கும் காசு இல்ல. அதனால ஊர்க்காரங்களைப் பள்ளிக்குள்ள கூப்பிட்டார். மதிய உணவை நடத்த ஊர்லயே குழு, செலவுல ஊரோட பங்கும் உண்டு. சீரமைப்பு மாநாட்டுக்கு முன்னாடி ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன தேவைன்னு பட்டியல் தயாராகும். கூரையா, பெஞ்சா, கரும்பலகையா, இடமா. அந்தப் பட்டியலைப் பார்த்து ஊர் மக்கள் எடுத்துக் கொடுப்பாங்க. 1958-ல கடம்பத்தூர்ல ஆரம்பிச்சு மாநிலம் முழுக்கப் பரவிச்சு. தானும் அந்தப் பள்ளிக்குப் பொறுப்புன்னு, அதுவரைக்கும் வாசலைத் தாண்டாத பெத்தவங்க நினைக்க ஆரம்பிச்சாங்க.

இது பள்ளிக்கூடக் கதைதான். ஆனா கல்லூரிக்குப் போற படிக்கட்டு அங்கதான் ஆரம்பிக்குது. வயித்துக்குச் சாப்பாடு கிடைச்சு அஞ்சாங்கிளாஸ் தாண்டின பிள்ளைதான் பின்னாடி பி.யூ.சி. வாசல்ல வந்து நிக்கும். அவரும் 1969-ல இருந்து 1975 வரைக்கும் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரா இருந்தார். தேவைப் பட்டியலைப் பாருங்க: திருமுக்கூடல் சுவர்ல இருந்த அதே மாதிரி பாயும் எண்ணெயும் கணக்கு. ஆனா இந்தத் தடவை பட்டியலைப் பார்த்து யார் வேணும்னாலும் உள்ள வரலாம்.

சரி, இன்னிக்கு?

விதி எழுதுறதுல நாம இன்னிக்கும் சளைச்சவங்க இல்ல. யு.ஜி.சி.யோட 2018 விதிமுறைப்படி கல்லூரி முதல்வருக்கு 5 வருஷப் பதவிக்காலம், இன்னொரு 5 வருஷம் நீட்டிக்க வழி உண்டு. தன்னாட்சிக் கல்லூரின்னா ஆட்சிக்குழு, கல்விக்குழு, பாடத்திட்டக் குழு, நிதிக்குழு எல்லாம் இருக்கணும். நாக் தர மதிப்பீட்டுல ஆறாவது அளவுகோலே ஆளுகை, தலைமை, மேலாண்மைதான். அரசு ஐ.டி.ஐ.க்களுக்கு 2007-ல வந்த திட்டத்துல, 1,396 ஐ.டி.ஐ.க்களுக்குத் தொழில்துறைக்காரர் தலைமையில மேலாண்மைக் குழுன்னு ஏற்பாடு. முதல்வர் அதுல உறுப்பினர் செயலர்.

இங்கிலாந்துல நம்ம பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாதிரி இருக்குற தொழிற்கல்விக் கல்லூரிகளை 1992-ல ஒரு சட்டம் போட்டு உள்ளாட்சிக் கையில இருந்து எடுத்தாங்க. 1993 ஏப்ரல் 1-ல இருந்து ஒவ்வொண்ணும் தனித்தனி அமைப்பு. பட்ஜெட், ஆள் எடுக்குறது, கட்டடம்னு எல்லாம் முதல்வர், ஆட்சிக்குழு தலையில வந்தது. அதுக்கப்புறம்தான் அங்க தலைமைப் பாணி பத்தின பேச்சு சூடு பிடிச்சுது. முதல்வர்னா ஆசிரியர்களுக்கு மூத்தவரா, இல்ல கம்பெனி நடத்துறவரா? உத்திரமேரூர் விதியை வெச்சுப் பார்த்தா, கற்பிச்சு அறிஞ்சவராவும் இருக்கணும், காரியத்துல நிபுணராவும் இருக்கணும். ரெண்டுல ஒண்ணுன்னு அது விடல.

நம்ம ஊர் நிலைமைக்கு வருவோம். குழுக்கள் பேப்பர்ல இருக்கு. ஆனா அதோட கணக்கு யார் கண்ணுக்கும் படுறதில்ல. நான் படிச்ச இன்ஜினியரிங் காலேஜ்ல எட்டு செமஸ்டரும் லேப் ஃபீஸ் கட்டினோம். ஒரு அலைக்காட்டி ரிப்பேரானா அடுத்த பேட்ச் வரைக்கும் அப்படியே கிடக்கும். அந்தக் காசு எங்க போச்சுன்னு கேட்குறதுக்கு ஒரு இடமோ ஒரு ஆளோ இருந்ததில்ல. கேட்கலாம்னே எங்களுக்குத் தோணல, அதுதான் இன்னும் மோசம். வகுப்புக்கு வெளிய தொங்குற நோட்டீஸ் போர்டுல டிரெஸ் கோட் இருக்கும், பட்ஜெட் இருக்காது.

அண்ணா பல்கலைக்கழகத்தோட இணைஞ்ச காலேஜ்ல படிச்சவங்களுக்கு கிளாஸ் கமிட்டி மீட்டிங் ஞாபகம் இருக்கும். அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காத ஒரு ஆசிரியர் தலைவரா இருப்பார். மாணவப் பிரதிநிதிகள் இருப்பாங்க. எண்ணம் ரொம்ப நல்ல எண்ணம். நடைமுறையில யார் பிரதிநிதி? பெரும்பாலும் முதல் பெஞ்ச், நல்ல சி.ஜி.பி.ஏ., வாயைத் திறக்காத பிள்ளை. "எல்லாம் நல்லாப் போகுது சார்"னு மினிட்ஸ் எழுதிக் கையெழுத்து வாங்கினா முடிஞ்சது.

இதுல குடவோலையை ஓட்டிப் பார்க்கலாமே? ஒவ்வொரு செமஸ்டரும் வகுப்புல இருக்குற எல்லார் பேரையும் சீட்டுல எழுதி, எல்லார் முன்னாடியும் குலுக்கி எடுக்கணும். உத்திரமேரூர்ல நிலம் வேணும், வேதம் வேணும்னு போட்ட வேலியை நாம எடுத்துடணும். வகுப்புல இருந்தாப் போதும், அதுதான் தகுதி. போன தடவை இருந்தவங்க பேர் வேண்டாம். குலுக்கல்ல கடைசி பெஞ்ச்காரன் வருவான், கிராமத்துல இருந்து ரெண்டு பஸ் மாறி வர்ற பொண்ணு வருவா, தமிழ் மீடியத்துல இருந்து வந்து கிளாஸ்ல கேள்வி கேட்கத் தயங்குற பிள்ளை வரும். பழங்கால ஏதென்ஸ்லயும் பல பதவிகளுக்குச் சீட்டுக் குலுக்கித்தான் ஆள் எடுத்தாங்க. சிபாரிசுக்கு அங்க வேலை இல்ல. ஒரு சீட்டுக் குலுக்கலுக்குச் செலவு ஒரு பேப்பர்தான்.

ஒரு மறுப்பும் வரும். குலுக்கல்ல வந்தவங்களுக்குத் திறமை இருக்குமா? முதல்வர் பதவியைக் குலுக்கல்ல விடச் சொல்லல. உத்திரமேரூர்லயே முதல்ல தகுதி, பிறகுதான் குலுக்கல். அனுபவம் வேணும்கிற ஆண்டு வாரியத்துக்குத் தனி வடிகட்டி. எந்தப் பொறுப்புக்கு அனுபவம் வேணும், எந்தப் பொறுப்புக்கு வாழ்ந்து பார்த்த வலி போதும்னு பிரிச்சுப் பார்க்குறதுதான் முக்கியம். கழிப்பறையில தண்ணி வரலங்கிறதைச் சொல்றதுக்குப் பி.எச்.டி. தேவையில்ல.

காலேஜ்ல இப்போ படிக்கிறவங்க, வேலை பார்க்குறவங்க, தங்கச்சி தம்பியைச் சேர்க்க அலைஞ்சுக்கிட்டு இருக்குறவங்க, உங்களுக்காகக் கடைசியா நாலு கேள்வி. அந்த வளாகத்துல யாரைக் கேட்டாலும் பரவாயில்ல. முதல்வர் அறையில உட்கார்றதுக்கு முன்னாடி இவர் இங்க என்ன வேலை பார்த்தார்? வருஷக் கணக்கு எந்தச் சுவர்ல ஒட்டியிருக்கு? கமிட்டியில இருக்குற பேர்கள் கடைசியா எப்போ மாறிச்சு? இந்த வாசலுக்குள்ள இன்னும் வர முடியாம நிக்கிறது யாரு? பிளேஸ்மென்ட் சதவீதத்தை விட இந்த நாலு பதில் அந்த இடத்தைப் பத்தி உங்களுக்கு நிறையச் சொல்லும்.

உத்திரமேரூர் போனா பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்தே அந்தக் கோயிலுக்குப் போயிடலாம். பாதி நாள் மிச்சம் இருந்தா அப்படியே திருமுக்கூடலுக்கும் ஒரு எட்டு போயிட்டு வாங்க. உங்க காலேஜ்ல கிளாஸ் கமிட்டிக்குச் சீட்டுக் குலுக்கிப் பார்த்தீங்கன்னா என்ன நடந்ததுன்னு எனக்கு எழுதுங்க, அடுத்த எபிசோட்ல படிக்கிறேன்.